நெட் நின்ற இடம்

“நெட் நின்ன இடத்துல நீயும் நிக்கிற. அது ராகம் இல்லடி.”

வண்டூரிலிருந்து போர்ட் பிளேர் போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் தன் மனைவியிடம் இப்படிச் சொன்னதும் நான் காது கொடுத்தேன். அவர் மடியில் ஒரு டோலக் இருந்தது. டிவி பாட்டுப் போட்டித் தேர்வுக்காக அந்த அம்மா மறுநாள் கப்பலில் சென்னை போகிறார் என்பது பேச்சில் தெரிந்தது.

“நான் என்னங்க செய்ய? பாட்டு நெட்ல ஓடும்போது இன்னொரு போன்ல ரெக்கார்ட் பண்ணேன். நடுவுல நெட் நின்ன இடைவெளியும் அதுல சேந்துருச்சு. ஆறு மாசமா அதக் கேட்டுத்தானே பழகினேன்.”

“சர்ச்ல நீ நிக்கிறப்பெல்லாம் நான் டோலக்ல ஒரு உருட்டு உருட்டிச் சமாளிச்சேன். ஜனங்க அதுக்குத்தான் கைதட்டினாங்க.”

“அச்சா! அப்ப அங்கயும் வந்து உருட்டுங்க.”

“வாத்தியக்காரங்க வேணாம், டிராக் போதும்னுட்டாங்களே. டிராக் உனக்காக நிக்குமா?”

“இப்ப நிக்காமப் பாடுறேன், பாருங்க.”

சன்னமான குரலில் பாடினார். அந்த இடம் வந்தது. துளியும் நிற்காமல் தாண்டிப் போய்விட்டார். கணவரின் விரல்கள்தான் வழக்கம்போல டோலக்கை உருட்டிவிட்டன. பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அரே!” என்று கையை இழுத்துக்கொண்டார் கணவர்.

“நல்லவேளை, உங்கள வேணாம்னுட்டாங்க,” என்றார் அந்த அம்மா.