வலது குதிகால்

செந்தில்குமார்: நில்லு, நில்லு. மறுபடியும் அதே தப்பு.

அம்பிகா: இன்னா தப்பு? பந்து போச்சுல்ல?

செந்தில்குமார்: போச்சு... பக்கத்து வீட்டு ஹலீமா பீ கோழிக்கூண்டுக்கு. நான் கோல் வரைஞ்சது நம்ம செவுத்துல.

அம்பிகா: சிரிக்காதீங்க. சொல்லித் தாங்க.

செந்தில்குமார்: வலது கால பாரு. தையல் மெஷின் பெடல மிதிக்கிற மாதிரியே ஊணி நிக்கிற. ஷூ கம்பெனிய இங்க தூக்கிக்கினு வந்துட்டியா?

அம்பிகா: பன்னெண்டு வருஷமா மிதிக்கிற காலு...

செந்தில்குமார்: அடிக்கும்போது வெயிட்டு மொத்தமும் முன்னங்காலுக்கு வரணும். ஹாக்கி மட்டைய புடிச்ச கைய நம்பாத, இடுப்ப திருப்பு. வலது குதிகால் தானா எழும்பும்.

அம்பிகா: ஷிப்டுக்கு நேரமாச்சி, கெளம்புங்க.

செந்தில்குமார்: சாயந்தரம் வந்து மீதி சொல்றேன். பந்த தண்ணி டிரம்முக்கிட்ட வை. அங்கயே இருக்கட்டும்.

*

முத்துமாரி: அண்ணி... அண்ணன லாரி அடிச்சி அஞ்சு மாசம்தான் ஆவுது, அதுக்குள்ள கிரவுண்டான்னு பெரியம்மா கேக்குது.

அம்பிகா: நீ இன்னா சொன்ன?

முத்துமாரி: கீப்பர் ஹெல்மெட் போட்டிருந்தேன். காதுல விழல.

அம்பிகா: எனக்கும் விழல. கோல்ல போய் நில்லு.

முத்துமாரி: அஞ்சுல மூணு கோல் போட்டாதான் அரக்கோணம் மேட்ச்சுன்னு கோச் மேடம் சொல்லிட்டாங்க. ரெண்டு வீணாப் போச்சு. அடுத்தத நான் விட்டுடட்டுமா?

அம்பிகா: விட்டுப் பாரு. ராத்திரிக்கு உனக்கு சோறு கெடயாது.

முத்துமாரி: அப்ப குதிகால எழுப்புங்க! அன்னிக்கு ஜன்னலாண்ட நின்னு நானும் கேட்டேன்.

அம்பிகா: தெரியும்டி.

முத்துமாரி: தெரிஞ்சுமா...?

அம்பிகா: சாயந்தரம் வந்து சொல்றேன்னாரு. நானே திருத்திக்கிட்டா... அவரு வர்றதுக்கு வேல இல்லாம போயிடும்ல.

முத்துமாரி: அண்ணி... அண்ணன் வராது.

அம்பிகா: கால் பேட ஒழுங்கா கட்டு. வருது.

முத்துமாரி: யம்மா! கோல் பலக ஒடஞ்சிருக்கும்!

அம்பிகா: பேசாத. இன்னும் ரெண்டு இருக்குது.

முத்துமாரி: ...இதுவுமா! பாத்தேன், குதிகால் எழுந்துச்சி!

அம்பிகா: கடைசி. விட்டுடாத.

முத்துமாரி: பாய்ஞ்சேன் அண்ணி, சத்தியமா பாய்ஞ்சேன்! மூணு! மேடம் பேர எழுதறாங்க.

அம்பிகா: எழுதட்டும். பெரியம்மாவுக்கும் போய் சொல்லு, சத்தமா.

முத்துமாரி: நாளைக்குப் பழக இந்தப் பந்து ஆவாது, வெடிப்பு விட்டுருக்குது.

அம்பிகா: புதுசு வாங்கிக்கலாம். டிரம்முக்கிட்ட கெடக்கறத மட்டும்...

முத்துமாரி: எடுப்பேனா? அஞ்சு மாசமா அத நகத்தாமதான அண்ணி பெருக்கறேன்.