சூடு பட்டால் வரும் பேச்சு

— அப்போ உங்க உஸ்பெக்கும் எங்க அம்ஹாரிக் மாதிரிதானா, இந்திசோர் அக்கா? ஊருக்கு ஒரு பேச்சா?

— அய்ய, அதை ஏன் கேக்குற ஆஸ்னகு! எனக்கு ஹோரெஸ்ம் பக்கம். தாஷ்கண்டுக்குப் படிக்கப் போய் வாயைத் திறந்தேன், 'இது உஸ்பெக்கா, துருக்மெனா?'ன்னு எல்லாரும் ஒரே சிரிப்பு.

— எங்க கதையும் அதேதான். வொல்லோ பேச்சுன்னா தேன் ஒழுகுதும்பாங்க. எங்க கோஜ்ஜாம் பேச்சுன்னா இந்த அடிஸ் அபாபாவே கேலி பண்ணும். இங்க வந்த வருஷமே என் பேச்சை மூட்டை கட்டி வெச்சுட்டேன்.

— நானும் கட்டினேன். ஒரு நாள் கொதிக்கிற எண்ணெய் கையில தெறிச்சுது பாரு, 'அய்யோ, சுட்டுப்போட்டுதுங்கோ'ன்னு அசல் ஹோரெஸ்ம்ல அலறிட்டேன். சூடு பட்டா பொறந்த ஊர்தான் வாயில வரும். ஆமா, நீ கட்டிக்கப்போற தகெலேவுக்கு எந்த ஊரு?

— அவனே இங்கதானே உக்காந்திருக்கான். சொல்லேன் தகெலே.

— எத்தனை தடவை சொல்றது? இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவன். ஞாயித்துக்கிழமை எங்க பெரியவங்க பொண்ணு கேட்டு வர்றாங்க, இப்போ போய் ஊர் விசாரிக்கிறீங்களே!

— கோவிச்சுக்காதே தம்பி. யாரைப் பார்த்தாலும் எந்த ஊர்ப் பேச்சுன்னு துருவுறது என் பைத்தியம்.

— அவன் நகரத்துக்காரன்னதும் எங்கப்பாவுக்கு அப்படி ஒரு நிம்மதி அக்கா. எங்க பக்கத்து ஆளுன்னா ஏழு தலைமுறை எண்ணிப் பார்க்கணும். அதுக்குள்ள ஒரே பாட்டன் வந்துட்டா கல்யாணமே கிடையாது.

— ஏழா! எங்க ஊர்ல மாமன் பொண்ணைக் கட்டி விருந்தே வெப்பாங்க.

— சீ! கூடப்பொறந்தவளைக் கட்டுற மாதிரி!

— சரி சரி, இந்தா தகெலே, காபி.

— என்னக்கா அரைக் கிண்ணம்? இவ்வளவு கஞ்சத்தனமா?

— எங்க ஊர்ல அதுதான்பா மரியாதை. அடிக்கடி ஊத்திக் கொடுப்போம். தளும்பத் தளும்ப ஊத்தினா 'குடிச்சுட்டுக் கிளம்பு'ன்னு அர்த்தம்.

— இங்க விளிம்பு வரைக்கும் ஊத்தணும்.

— பிடி, ஊத்துறேன்... ஐயையோ, உன் கையில கொட்டிட்டேனே!

— ஏ ஆத்தாடி! கை வெந்துபோச்சுல்லா! எட்டி, தண்ணியக் கொண்டாட்டி!

— தகெலே! இது எங்க ஊர்ப் பேச்சுல்லா! எதுக்குடே மறைச்ச?

— முதல்ல வெக்கம். ஆபீஸ்ல சிரிப்பாங்கன்னு. அப்புறம் நீ கோஜ்ஜாம்னு தெரிஞ்சுதா, ஏழு தலைமுறையும் எண்ணச் சொல்லிடுவியோன்னு பயம்.

— உங்கப்பா அலேமு. தாத்தா கசா. மேல சொல்லு.

— வேணாம் ஆஸ்னகு.

— சொல்லுடே!

— கசாவோட அப்பா தெசெம்மா. அவரோட அப்பா வந்திம்.

— வந்திமா? பீச்சேனாவுல நாப்பது தேன்கூடு வெச்சிருந்த வந்திமா?

— உனக்கு எப்படித் தெரியும்?

— எங்க தாத்தாவுக்கும் அவருதாம்ல தாத்தா.

— ஐயோ, ஆஸ்னகு, அழாதேம்மா. இதெல்லாம் இப்போ யாரு பார்க்குறா? பெத்தவங்ககிட்ட சொல்லாம விட்டா...

— நெஞ்சு வெடிக்குது அக்கா. ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சே. இவனுக்கு இன்னொரு கிண்ணம் ஊத்துங்க. தளும்பத் தளும்ப. எங்க ஊர் வழக்கமில்ல, உங்க ஊர் வழக்கம்.