மணிக்கட்டைப் பிடித்த கை

என் வீடியோக்களில் பின்னணி இசை கிடையாது, இன்ஸ்பெக்டர் மேடம். பலர் கேட்டிருக்கிறார்கள். சாட்சி சொல்கிறவர் அழும்போது கொஞ்சம் வயலின் சேர்த்தால் இன்னும் நிறையப் பேருக்குப் போய்ச் சேருமே என்று. சேரும், தெரியும். ஆனால் பார்க்கிறவருக்குக் கண்ணீர் வந்தது சாட்சியாலா, வயலினாலா என்று அப்புறம் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

நீங்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். பெயர் கிளைட்டன். வயது முப்பத்தெட்டு. மில்லர்புரத்தில் வீடு. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. கப்பலில் பெட்டி நசுங்கி வந்தால், நசுங்கி வந்தது என்று ரிப்போர்ட் டைப் செய்ய வேண்டும். நசுங்கிய பெட்டியை நல்ல பெட்டி என்று எழுதச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியும் இருக்கிறார்கள். ஒரு தடவைகூட எழுதியதில்லை.

சேனலையும் அப்படித்தான் நடத்தினேன். 'அலைமேல் விசுவாசம்' என்று பெயர், ஆறு வருடமாகிறது. கடற்கரை ஊர்களில் ஆண்டவர் செய்த நன்மைகளை, அது யாருக்கு நடந்ததோ அவர் வாயாலேயே சொல்லவைப்பேன். ஒரே டேக். வெட்டுவது ஒட்டுவது கிடையாது. நடுவில் இருமினால் அந்த இருமலும் இருக்கும். இதே ஊரில் இன்னொருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம். தக்காளி விலை ஏறினால்கூடத் தீர்க்கதரிசனம் நிறைவேறியது என்று தலைப்பு வைப்பார். அவருக்கு என்னைப்போல மூன்று மடங்கு கூட்டம். எனக்குப் பொறாமை இல்லை, அருவருப்புதான்.

பாஸ்கல் என் தங்கை எமில்டாவின் கணவன். சங்கு குளிக்கிறவன். வள்ளத்தில் கம்ப்ரஸர் ஓடும். அதிலிருந்து வரும் நீளக் குழாயின் முனையை வாயில் கடித்துக்கொண்டு, இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். மேலே ஒருவர் குழாயைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் மூன்று முறை சுண்டினால் உடனே இழுக்க வேண்டும். என் அப்பாவும் சங்கு குளித்தவர்தான். பத்து வயதிலேயே நான் அவருக்குக் குழாய் பிடித்திருக்கிறேன். இது பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பாஸ்கல் எட்டுப் பாகத் தண்ணீரில், கிட்டத்தட்ட ஐம்பது அடி ஆழத்தில் இருந்தபோது கம்ப்ரஸர் பெல்ட் அறுந்து காற்று நின்றுவிட்டது. எப்படியோ பிழைத்து வந்தான். அன்று சாயங்காலம் நான் தங்கை வீட்டுக்குப் போனபோது எமில்டாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கண் இருண்டுபோன நேரத்தில் ஒரு வெளிச்சம் வந்ததாம். அதற்குள்ளிருந்து ஒரு பெண்ணின் கை நீண்டு, அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து மேலே கொண்டுவந்ததாம். மாதா என்று அவனுக்கே தெரிந்துவிட்டதாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. போனை ஜன்னலில் சாய்த்து வைத்து மறுபடியும் சொல்லச் சொன்னேன். கொஞ்சம் தயங்கினான். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் அவன் மணிக்கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் அவன் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்துவிட்டான்.

அந்த வீடியோவுக்கு அடியில் ரீனா என்று ஒருத்தி எழுதுவாள். கணவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரே கேள்வி: 'அண்ணா, அந்தக் கை என் வீட்டுக்காரரையும் பிடித்திருக்கும்தானே?' நான் பதில் எழுதியதில்லை. தெரியாததை எழுதுவது என் வழக்கமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் அவள் எழுதிவிட்டாளா என்று பார்ப்பேன். எழுதியிருந்தால் இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் ஆண்டவர் இந்தச் சேனலை என் கையில் கொடுத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

இந்தத் தவக்காலத்தில் ஒருநாள் பாஸ்கல் என் வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை.

“மச்சான், அந்த வீடியோவ அழிச்சிரும்.”

“ஏம்வே?”

“மாதாவும் வரல்ல, ஒண்ணும் வரல்ல. பக்கத்துல நயினாரு வள்ளம் நின்னுச்சு. அவரு நங்கூரக் கயிறு கையில தட்டுச்சு. அதப் பிடிச்சு ஏறி வந்துட்டேன்.”

“அப்பம் எதுக்கு அப்படிச் சொன்னீரு?”

“ஒம்ம தங்கச்சி இனிமே கடலுக்குப் போவக்கூடாதுன்னு காலப் பிடிச்சிக்கிட்டுக் கெடந்தா. மாதா கூட இருக்கான்னு சொன்னா வுட்டுருவான்னு நெனச்சேன். அதுக்குள்ள நீரு போனத் தூக்கிட்டு வந்துட்டீரு.”

பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறான். எந்த வாயால் சொன்னாயோ அந்த வாயாலேயே திருத்திச் சொல் என்றாராம் சாமி. அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் என் சேனலிலேயே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றான். எமில்டாவுக்கு இன்னும் தெரியாது, வீடியோ எடுத்த பிறகு அவளிடம் சொல்லப்போவதாகச் சொன்னான். சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு நசுங்கிய பெட்டியை நல்ல பெட்டி என்று பதினான்கு லட்சம் பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஜெபித்தேன், யோசித்தேன். சொன்னதும் நடந்ததும் வேறுவேறாக இருந்தால் சரிசெய்ய இரண்டு வழி இருக்கிறது, மேடம். சொன்னதை மாற்றலாம். இல்லையென்றால், நடப்பதை மாற்றலாம். சொன்னதை மாற்றினால் ரீனா என்ன ஆவாள் என்று நினைத்துப் பார்த்தேன். நடப்பதை மாற்றுவதில் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை, மாதா வந்தால்.

பாஸ்கலிடம் சொன்னேன். அந்தக் கடலிலேயே வைத்து எடுப்போம், முதலில் நீ இறங்குவதை எடுக்கிறேன், ஏறி வந்ததும் நீ பேசலாம் என்று. இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். “ஒம்மகிட்ட சொல்லத்தான் மச்சான் பயந்துக்கிட்டே இருந்தேன்,” என்றான்.

சனிக்கிழமை காலையில் திரேஸ்புரம் கரையிலிருந்து நானும் அவனும் மட்டும் வள்ளத்தில் கிளம்பினோம். வழக்கமாகக் குழாய் பிடிக்கும் செபாஸ்டினை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர் மகள் கோயிலில் முதல் முறையாக நற்கருணை வாங்கப்போகிறாள், அந்தப் புதுநன்மைக்கு ஆடை எடுக்க வேண்டியிருந்தது, சந்தோஷமாகப் போய்விட்டார். பன்னிரண்டு பாகம் ஆழத்தில், வேறு வள்ளம் எதுவும் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நிறுத்தினேன். போனைப் பலகையோடு சேர்த்துக் கட்டி ஓடவிட்டேன். பாஸ்கல் சிலுவை போட்டுக்கொண்டான். போனைப் பார்த்து, “வந்து சொல்லுதேன்,” என்றான். குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கினான்.

அவன் போனதும் நங்கூரத்தை ஏற்றிவிட்டேன். தண்ணீரில் ஒரு கயிறுகூட இருக்கக்கூடாது. மறுபடியும் கயிறுதான் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாது அல்லவா.

பத்தாவது நிமிடத்தில் கம்ப்ரஸரை நிறுத்தினேன். குழாய் மூன்று முறை சுண்டியது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மூன்று முறை. நான் இழுக்கவில்லை. இழுத்திருந்தால் அது வெறும் என் கை. 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீடியோவில் என் குரல் கேட்டிருக்கும். மனதாரத்தான் சொன்னேன்.

அவன் மேலே வந்தான். வள்ளத்திலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம்தான். மூக்கில் ரத்தம் வந்தது. இடுப்பு ஈயத்தை அவிழ்க்கப் பார்த்தான், விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. வலது கையை என்னை நோக்கி நீட்டினான். முழுக்கைச் சட்டை இல்லாமல் அந்த மணிக்கட்டை நான் ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தேன். எனக்கு அவன்மேல் பாசம் உண்டு, மேடம். பிடிக்க வேண்டும்போலத்தான் இருந்தது. ஆனால் பிடிக்க வேண்டியவர் நான் இல்லை. கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டேன். அந்தக் கை கொஞ்ச நேரம் தண்ணீருக்கு மேலே இருந்தது. பிறகு இல்லை. அதற்குப் பிறகும் இருபத்தாறு நிமிடம் காத்திருந்தேன். நான் அவசரப்படவில்லை.

கரைக்கு வந்து, பாஸ்கல் கடலில் போய்விட்டான் என்று சொன்னேன். எல்லாரும் கம்ப்ரஸரைத் திட்டினார்கள். நிறுத்தியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள்தான் போனைக் கேட்டீர்கள், உடனே கொடுத்தேன். நாற்பத்தொரு நிமிடம், எங்கும் வெட்டவில்லை.

மூன்றாம் நாள் உடம்பு கரை ஒதுங்கியது. ஆண்டவர் உயிர்த்ததும் மூன்றாம் நாள்தானே, அதை வைத்து அந்தத் தக்காளிக்காரர் ஒரு வீடியோ போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் பார்க்கவில்லை.

முகம் காட்டும்படி இல்லாததால் பெட்டியை மூடித்தான் கொடுத்தார்கள். எமில்டா பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். கோயிலுக்கு எடுக்கப்போகும் நேரத்தில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“அண்ணே, நீ கூட இருந்தேல்லா. அந்தக் கை அவுகளப் பிடிச்சிச்சா?”

வீட்டில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“பிடிச்சிச்சு எமில்டா,” என்றேன்.

தெரிந்தே நான் சொன்ன பொய் என் வாழ்நாளில் அது ஒன்றுதான். அதிலிருந்து மனசு ஆறவே இல்லை. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி வீடியோவில் இருக்கிறது, அதில் நான் கூச்சப்பட ஒன்றும் இல்லை. இந்தப் பொய்க்கு மட்டும் என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், மேடம். வாங்கிக்கொள்கிறேன்.