அத்தை சோதித்த பதினோரு சாதனங்கள்

மாமியார்: ...அதை மட்டும் முதலிடத்துல போட்டுடாதே. வீட்டை விட்டு ஓடிப்போனது அது!

மருமகள்: ஓடிப்போகலை அத்தை. நீங்க வாசக்கதவைத் திறந்து வச்சிருந்தீங்க. ரோபோவுக்கு நம்ம தரை, அடுத்தவங்க தரைன்னு எங்க தெரியும்?

மாமியார்: எதிர்வீட்டுப் பல் டாக்டர் அதைக் கையில தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறார். "உங்க வீட்டுச் செல்லம் எங்க ஹால் பூரா பெருக்கித் துடைச்சுட்டு, கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிச்சு"ங்கிறார். எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னே தெரியலை.

மருமகள்: அவருக்குச் சந்தோஷம்தானே?

மாமியார்: சந்தோஷத்துக்கு என்ன குறைச்சல்! மறுநாளும் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரே!

மருமகள்: இருங்க, டைப் பண்ணிக்கிறேன்... "தரை துடைக்கும் ரோபோ. அக்கம்பக்கத்தில் நல்ல பேர் வாங்கித் தரும்."

மாமியார்: பேட்டரி பாதியில போயிடும்கிறதையும் எழுது. எழுதினியா?

மருமகள்: எழுதியாச்சு. மணி மூணரை. அஞ்சுக்குள்ள கட்டுரை பத்திரிகைக்குப் போகணும். பதினோரு சாதனத்துல இப்பத்தான் ஏழு முடிஞ்சிருக்கு.

மாமியார்: மாசா மாசம் எழுதினதுதானே? எல்லாத்தையும் வெட்டி ஒட்டி அனுப்பேன்.

மருமகள்: வருஷக் கடைசிக் கட்டுரையை ஜனங்க படிக்கிறதே உங்களுக்காகத்தான். "அத்தை என்ன சொல்றாங்க"ங்கிற பெட்டியை மட்டும் படிச்சுட்டுப் பக்கத்தைப் புரட்டிடறாங்களாம். நீ எழுதுறதைக் குறை, அத்தையை நீட்டுங்கிறார் எடிட்டர்.

மாமியார்: விவரமான மனுஷன்.

மருமகள்: அடுத்தது, மடக்குற போன்.

மாமியார்: மடக்குறதுக்கு நல்லா இருக்கு.

மருமகள்: அவ்வளவுதானா?

மாமியார்: லோன் வேணுமா, லோன் வேணுமான்னு ஒருத்தி தினமும் கூப்பிடுவாளே... அவகிட்ட வேண்டாம்னு சொல்லி டப்புன்னு மூடினேன் பாரு, அந்தச் சுகமே தனி. மத்தபடி, நடுவுல ஒரு மடிப்பு. விரல் அது மேல போகும்போதெல்லாம் இஸ்திரி சரியாப் போடாத துணி மாதிரி கை பரபரங்குது.

மருமகள்: "இஸ்திரி சரியாப் போடாத"... இது தலைப்புக்கே ஆகும். சரி, பேசுற கண்ணாடி? லைப்ரரிக்குக் கொண்டு போனீங்களே.

மாமியார்: அதைக் கேளு. நான் புத்தகம் படிச்சு ரெக்கார்ட் பண்றேன்ல, அதைக் கேட்கிறவர் ஒருத்தர், கணக்கு வாத்தியாரா இருந்தவர். கண்ணு தெரியாது. அவரைப் போட்டுக்கச் சொன்னேன். போட்டதும் அது என்ன சொல்லுச்சு தெரியுமா? "உங்கள் எதிரே ஒரு வயதான பெண் நிற்கிறார். சோர்வாக இருக்கிறார்."

மருமகள்: ஐயோ!

மாமியார்: சோர்வாமே! அன்னிக்குத்தான் தலைக்குச் சாயம் போட்டுட்டுப் போயிருந்தேன்.

மருமகள்: சிரிக்க வைக்காதீங்க, தப்புத் தப்பா டைப் ஆகுது. வாத்தியார் என்ன சொன்னார்?

மாமியார்: அவர் பாட்டுக்கு நடந்து போய்க் கதவுல இருக்கிற பலகை, அலமாரியில ஒட்டின சீட்டு, எல்லாத்தையும் தானே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். சுவரைத் தடவாம பாத்ரூம் வரைக்கும் போய்ட்டு வந்தார். அதுக்காக பத்துக்குப் பத்து போடு. என்னைச் சொன்னதுக்கு ரெண்டு குறைச்சுக்கோ.

மருமகள்: எட்டு. அப்ப இனிமே எல்லாத்தையும் கண்ணாடியே படிச்சுடுமே. உங்க வேலை?

மாமியார்: நானும் கேட்டேன். "பலகையை அது படிக்கட்டும், கதையை நீங்க படிங்க, அது அழுற இடத்துலயும் அறிவிப்பு மாதிரியே வாசிக்குது"ன்னுட்டார். வாரம் மூணு நாள் போறது போறதுதான்.

மருமகள்: ம்... கைக்கடிகாரம். இதுக்கு நானே எழுதிடவா?

மாமியார்: எதுக்கு நீ? அது என்னைப் படுத்தின பாடு எனக்குத்தானே தெரியும். கரப்பான்பூச்சியை ஓங்கி ஒரு போடு போட்டேன். "நீங்கள் விழுந்துவிட்டீர்களா?"ங்குது. கையில செருப்பு, செருப்புக்கு அடியில கரப்பான். நான் எப்படிப் பட்டனை அமுக்குறது? அதுக்குள்ள உன் புருஷனுக்குப் போன் போட்டுடுச்சு.

மருமகள்: அவர் மீட்டிங்ல இருந்து எந்திரிச்சு ஓடி வந்தாரே... ஒரு கால்ல ஷூ, ஒரு கால்ல ஒண்ணுமில்லை.

மாமியார்: வந்ததுக்கு அந்தக் கரப்பானையாவது எடுத்துப் போட்டானா? அதுவும் இல்லை.

மருமகள்: சரி, முதலிடம் எதுக்கு? நேரமாச்சு. ஆடியோ, வீடியோ, லேப்டாப்... எதை வேணா சொல்லுங்க.

மாமியார்: நடையில சுவர்ல ஒட்டியிருக்கே, அந்த விளக்கு.

மருமகள்: அத்தை! அது பட்டியல்லயே இல்லை. வேற ஏதோ வாங்கினதுக்கு இலவசமா வந்தது.

மாமியார்: இருக்கட்டுமே. படுக்கையை விட்டுக் காலைக் கீழ வச்சா வழி காட்டுது. போய்ப் படுத்தா அணைஞ்சுடுது. பேர் கேட்டுச்சா? பாஸ்வேர்டு கேட்டுச்சா? அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணுன்னு உயிரை வாங்குச்சா?

மருமகள்: ...போட்டுடறேன். எடிட்டர் தலையில அடிச்சுக்கப் போறார். இன்னும் ஒண்ணுதான் பாக்கி. காதுல வைக்கிறது.

மாமியார்: அது... பரவாயில்லை.

மருமகள்: பரவாயில்லையா? ஆறு மாசமா நீங்க அதைக் கழட்டவே இல்லையே!

மாமியார்: பாட்டு நல்லா கேட்குது.

மருமகள்: பாட்டு மட்டுமா? காது கொஞ்சம் மந்தமா இருக்கிறவங்களுக்குப் பேச்சையும் பெருசாக்கித் தருமே. அதுக்குத்தானே உங்களுக்குக் கொடுத்தேன்.

மாமியார்: ஓ... தரும் தரும்.

மருமகள்: அத்தை.

மாமியார்: ம்?

மருமகள்: எவ்வளவு தூரம் வரைக்கும் கேட்கும்?

மாமியார்: கதவை நல்லா சாத்தினா ஒண்ணும் கேட்காது.

மருமகள்: சாத்தலைன்னா?

மாமியார்: இங்க பாரும்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருக்கேன். ரெண்டு பேர் பேசுறது காதுல விழுந்தாலும் விழாத மாதிரி இருக்க எனக்குத் தெரியும். நானா எதையும் கேட்க மாட்டேன்... ஆனா நாலு நாளா ஒருத்தி லேப்டாப்புக்கு வாய்விட்டு மெயில் சொல்லிச் சொல்லி அழிச்சுக்கிட்டிருந்தா, எத்தனை தடவைதான் காது கேட்காத மாதிரி இருக்கிறது?

மருமகள்: கேட்டுட்டீங்களா?

மாமியார்: "தங்கள் வாய்ப்புக்கு மிக்க நன்றி. குடும்பச் சூழ்நிலை காரணமாக..." அந்தச் சூழ்நிலைங்கிறது நான்தானே?

மருமகள்: அத்தை, அது அப்படி இல்லை...

மாமியார்: வேற எப்படி? உங்க பத்திரிகைத் தலைமை அலுவலகத்துல டெக்னாலஜி பக்கம் மொத்தமும் உன் பொறுப்பு. பன்னிரண்டு வருஷமா அதுக்குத்தானே தவம் கிடந்த? அவன் எங்க உட்கார்ந்தும் வேலை பார்க்கலாம். அப்புறம் என்ன தடை? நான்தான்.

மருமகள்: ரயில்ல ஒன்பது மணி நேரம் அத்தை. நினைச்சா ஓடி வர முடியாது.

மாமியார்: அதனால என்கிட்ட கேட்காமயே வேண்டாம்னு எழுத உட்கார்ந்துட்டே.

மருமகள்: கேட்டா? எங்க கூட வர்றீங்களா?

மாமியார்: வர மாட்டேன். என் லைப்ரரி இங்க, என் சிநேகிதிங்க இங்க.

மருமகள்: அதான் கேட்கலை! கேட்டா மாட்டேன்பீங்க. மாட்டேன்னு சொல்லிட்டா, நான் போனாலும் குத்தம், போகாட்டாலும் உங்களுக்கு உறுத்தல்.

மாமியார்: நீ ஒரு நாளாவது என்னைப் பாரமா நினைச்சிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். நினைக்கலை. அதனாலதான் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம ரோபோ, போன்னு பேசிக்கிட்டிருந்தேன். நீ போம்மா.

மருமகள்: ரெண்டு வருஷம் முன்னால வழுக்கி விழுந்து, மணிக்கட்டு உடைஞ்சு, மூணு மணி நேரம் பாத்ரூம்ல கிடந்தீங்க. நான் வந்து தூக்கினேன். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கலை.

மாமியார்: அப்ப கடிகாரம் இல்லை.

மருமகள்: கடிகாரத்தை நம்பியா விட்டுட்டுப் போறது? இப்பத்தானே அதை அப்படித் திட்டினீங்க!

மாமியார்: விழாதப்பவே ஊரைக் கூட்டுது, விழுந்தா சும்மா இருக்குமா? எதிர்வீட்ல டாக்டர் வேற இருக்கார்.

மருமகள்: அவர் பல் டாக்டர் அத்தை!

மாமியார்: தூக்கி விடறதுக்கு எந்த டாக்டரா இருந்தா என்ன?

மருமகள்: விளையாடாதீங்க. நீங்க தனியா ஒரு ராத்திரிகூட இருந்ததில்லை. நாங்க ரெண்டு பேரும் அந்த எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சிக்குப் போன பத்து நாளும் உங்க தங்கச்சி வந்து துணைக்கு இருந்தாங்க. அதனாலதான் நான் நிம்மதியா போனேன்.

மாமியார்: ஆமா. தினமும் வீடியோல கூப்பிட்டியே. அவளைப் பார்த்தியா?

மருமகள்: பார்த்தேனே... இல்லை, முதல் நாள் குளிச்சுக்கிட்டிருந்தாங்க.

மாமியார்: ரெண்டாம் நாள்?

மருமகள்: கடைக்குப் போயிருந்தாங்க. மூணாம் நாள் மாடியில துணி எடுக்க... அப்புறம் தூங்கிட்டாங்கன்னு சொன்னீங்க... அப்புறம் மறுபடியும் குளிக்க...

மாமியார்: ரொம்பச் சுத்தக்காரி அவ.

மருமகள்: அத்தை...? சித்தி வந்தாங்கதானே?

மாமியார்: வரவே இல்லைம்மா. பெட்டி கட்டினவளை நான்தான் வேண்டாம்னுட்டேன். பத்து நாளும் இந்த வீட்ல நான் ஒருத்திதான் இருந்தேன். முதல் நாள் பயமா இருந்துச்சு, கண்ணை மூடலை. ஒன்பதாம் நாள்... கோவிச்சுக்காதே... நீங்க சீக்கிரமா வந்துடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு.