நாற்பத்தொரு நாள் நிற்காத பெல்ட்

டீக்கு நன்றி, பகவதி மேடம். சர்க்கரை சரியாக இருக்கிறது. விசாரணை என்று கேள்வி கேட்டு நீங்கள் சிரமப்பட வேண்டாம், நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தங்கதுரை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து நிலக்கரியை யார்டுக்குக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுகளுக்கு நான்தான் ஆட்டோமேஷன் லீட் இன்ஜினியர். எந்த பெல்ட் எப்போது ஓட வேண்டும் என்கிற ப்ரோகிராம் முழுக்க நான் எழுதியது. பதினான்கு வருடமாக வாரத்துக்கு இரண்டு முறை காரணமில்லாமல் பெல்ட் நிற்கும். உடனே எனக்குப் போன் வரும். போய்ச் சரிசெய்வேன். "அண்ணாச்சி கை வச்சாத்தான் ஓடுது" என்பார் ஆபரேட்டர் சிவனாண்டி.

பிறகு கிளைட்டன் வேலைக்குச் சேர்ந்தான். திரேஸ்புரத்துக்காரன், கெட்டிக்கார இன்ஜினியர். வந்த வாரமே என் ப்ரோகிராமைப் படித்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல எண்ணூறு வரி சும்மா கெடக்கு. எடுத்துரட்டா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். எடுத்தான். அதற்கப்புறம் நாற்பத்தொரு நாள் பெல்ட் நிற்கவில்லை.

நாற்பத்தொரு நாளும் எனக்கு ஒரு போன்கூட வரவில்லை. என் மனைவி பானுப்ரியா, "என்னங்க, வேலைய விட்டுத் தூக்கிட்டாவளா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் ஆறு வரிதான் சேர்த்தேன், மேடம். கிளைட்டன் கண்ட்ரோல் ரூம் கதவில் தன் கார்டைக் காட்டினால், சரியாக நாலாவது நிமிடம் மூன்றாம் பெல்ட் நிற்கும். அவன் வெளியே போனால் ஓடும். யாருக்கும் அடிபடக் கூடாது என்று, மெல்ல வேகம் குறைந்து நிற்கும்படி எழுதினேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவன்.

பத்தே நாளில் சிவனாண்டி கண்டுபிடித்துவிட்டார். "ஏலே, கிளைட்டன் வாரான், பெல்ட்டு நிக்கப்போவுது!" பேனலில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். கிளைட்டனின் அம்மா மாதா கோவில் தீர்த்தம் கொடுத்தனுப்பினார். அதை யாரோ கீபோர்டில் தெளித்து, அது வேறு தனியாகப் பழுதானது. அவனைப் பின்பக்கமாக நடந்து உள்ளே வரச் சொன்னார்கள். வந்தான். பெல்ட் நின்றது. கடைசியில் வெளியே ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். ஜன்னல் கண்ணாடி வழியாகக் கையைக் காட்டிக் காட்டி வேலை சொல்லுவான்.

அவனுக்கு நிச்சயம் செய்திருந்த விஜிலாவின் அப்பாவுக்கு விசைப்படகு இருக்கிறது. "மாப்பிள்ள ஏறி நடுக்கடல்ல இன்ஜின் நின்னுட்டா?" என்று அவர் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்.

அன்றைக்குக் கிளைட்டன் என்னிடம்தான் வந்து அழுதான். "என் கையில என்னமோ இருக்கு, அண்ணாச்சி. நான் வேம்பார் உப்பளத்துக்கே போயிடுதேன். அங்கன மிஷினு கம்மி." நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். ராஜினாமாக் கடிதத்தில் இரண்டு எழுத்துப்பிழையும் திருத்திக்கொடுத்தேன்.

மறுநாள் அவன் லீவு. மேசையில் கிடந்த அவன் கார்டை எடுத்துச் சிவனாண்டி கதவைத் திறந்திருக்கிறார். பெல்ட் நின்றுவிட்டது. உங்களிடம் ஓடிவந்து, "மேடம், ஆளு வரல, அட்டை மட்டும் வந்துச்சு!" என்றாராம். நீங்கள் ப்ரோகிராமைத் திறந்தீர்கள். அந்த ஆறு வரிக்கு மேலே என் பெயரும் தேதியும் இருந்தன. ஒழுங்காக வேலை செய்கிறவன் அதையெல்லாம் எழுதாமல் விடமாட்டான்.

ஆம், நான்தான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

விஷயம் தெரிந்ததும் கிளைட்டன் கோபப்படவில்லை என்று கேள்விப்பட்டேன். "அப்போ எங்கிட்ட ஒண்ணுமில்லயா?" என்று கேட்டுச் சிரித்தானாம். விஜிலாவின் அப்பா அவனைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப்போனாராம். கல்யாணத் தேதியும் வைத்துவிட்டார்கள். பயந்து கிடந்தவனுக்கு இத்தனை தைரியம் தானாகவா வந்தது? அதற்குப் பாடுபட்டது யார் என்று உங்கள் அறிக்கையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம்.