இரவல் மீட்டர்

"ஓடிக்கிட்டே இருக்கிறவனுக்கு எப்படி மாமா சட்டை மாத்துவீங்க?" என்று விசில் அண்ணனின் மகள் ஒருமுறை என்னிடம் கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. எங்கள் ஆலை ஒரு நொடிகூட நிற்காது, நிற்காமலே அதன் கன்ட்ரோலர்களுக்குப் புது மென்பொருள் ஏற்றுவதுதான் என் வேலை என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அதற்கு இரண்டு மூளை, ஒன்று விழித்திருக்கும்போது மற்றதை மாற்றுவோம் என்றேன். திருப்தியாகத் தலையாட்டினாள். நீங்கள் இதுவரை கேட்டவற்றைவிட அது நல்ல கேள்வி, ஐயா.

விசில் அண்ணன் பம்பு ஃபிட்டர். வேலை செய்யும்போதெல்லாம் சீட்டியடிப்பார். ஒரே பாட்டு, அதுவும் பாதிதான். மீதிப் பாட்டு பென்ஷனுக்கு அப்புறம் என்பார்.

ஒரு மூளையிலிருந்து மற்றதற்கு மாறும்போது அளவுகள் துள்ளும். பம்புக் குழியில் விஷவாயு இருந்தால் காட்டும் கேஸ் சென்சார் துள்ளினால் ஆலை தானே நின்றுவிடும். அதனால் முக்கால் மணி நேரம் அதைப் பூட்டி வைப்போம். குழிக்குள் என்ன இருந்தாலும் வாசலில் பச்சை விளக்கே எரியும். ஆகவே முதலில் வாசலில் சங்கிலி மாட்டி, பலகையில் எழுத வேண்டும். அதற்கு மேலாளரின் கையெழுத்து வேண்டும். அவர் ஏற்கெனவே இரண்டு முறை வேலையைத் தள்ளிப் போட்டவர். அன்று நான் அவரிடம் போகவில்லை. பலகையில் எழுதவும் இல்லை.

பூட்டியிருக்கும் நேரத்தில் கையில் ஒரு கேஸ் மீட்டர் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. என்னுடையது பழுதுக்குப் போயிருந்தது. நான் விதியை மதிப்பவன். அண்ணனிடம் கேட்டேன். காலரிலிருந்து கழற்றித் தந்தார்.

"வச்சுக்கோ தம்பி. இன்னிக்கு எனக்குக் குழியில வேலையில்ல, மேல்வேலைதான். திருப்பித் தர மறந்துடாத, என் பொண்டாட்டிக்கு நீதான் பதில் சொல்லணும்."

காலை பத்தரைக்குக் குழிக்குள் பம்பு அடைத்துக்கொண்டது. நான் கண்ணாடி வழியே பார்த்தேன். அண்ணன் வந்தார், காலரைத் தடவினார், பச்சை விளக்கைப் பார்த்தார், இறங்கினார். நான் சன்னலைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் பலகையில் எழுதவில்லை என்ற கேள்வி வரும். அந்தக் குழியில் வருடத்தில் முக்கால்வாசி நாள் கேஸே இருப்பதில்லை.

திரையில் எழுபத்தொரு சதவீதம் ஏறியிருந்தபோது, மூடிய சன்னலைத் தாண்டியும் கேட்டுக்கொண்டிருந்த சீட்டி நின்றது. பாட்டின் பாதி வழக்கமாக முடியும் இடத்துக்கும் முன்னால்.

நூறு வரும்வரை காத்திருந்தேன். பதினொரு நிமிடம். பிறகு பூட்டை எடுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, சங்கு ஊதியது. புது மென்பொருள் சரியாகவே வேலை செய்தது. கேஸ் அப்போதுதான் வந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். பழைய பதிவுகள் மென்பொருளோடு அழிந்துவிட்டன.

எல்லாரும் குழிக்கு ஓடினார்கள். நான் உடை மாற்றும் அறைக்குப் போனேன். மீட்டரைத் துடைத்து, பேட்டரி மாற்றி, அண்ணனின் லாக்கரில் வைத்தேன். அவர் லாக்கரைப் பூட்டுவதில்லை. யாரும் பார்க்கவில்லை. ஒரு நிமிடம் கண்மூடிப் பிரார்த்தனையும் செய்தேன்.

மீட்டரை லாக்கரிலேயே வைத்துவிட்டு இறங்கிய அவருடைய அலட்சியமே சாவுக்குக் காரணம் என்று உங்கள் விசாரணைக் குழு எழுதியது. ஆலையை நிறுத்தாமல் மென்பொருளை மாற்றியதற்கு எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

நேற்று அண்ணி மகளோடு ஆலை வாசலுக்கு வந்திருந்தார்.

"அலட்சியம்கிற அந்த ஒரு வார்த்தைய அடிச்சா போதும், தம்பி. பள்ளிக்கூடத்துல இவளைக் கேக்கறாங்க. அவர் அதை மறக்கிற ஆளில்ல. யாருக்காவது குடுத்திருப்பாரு."

மகள் என்னைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள், ஐயா. அந்த இடத்தில் என்னைப் பற்றி எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இரவல் வாங்கிய பொருளை நான் வைத்துக்கொள்ளவில்லை, அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பதையும் எழுதுங்கள்.