முப்பத்தெட்டு வயது ரத்தம்

— மெதுவா, கண்ணு! ஊசி குத்துறியா, கடப்பாறை எறக்குறியா?

— கைய இறுக்காதீங்க வேய்ன். நரம்பு நழுவுது.

— நாப்பது நிமிஷத்துல மேடையில நிக்கணும். கீழ எண்ணூறு பேரு. கோல்டு கோஸ்ட்டுல இந்த ஹோட்டலுக்குப் புத்தாண்டுக்குக்கூட இவ்ளோ கூட்டம் வந்ததில்ல. சீக்கிரம் ட்ரிப்ஸ ஏத்து.

— எத்தன பாட்டில்?

— ரெண்டு. நம்ம செல் சக்தி மருந்து இப்பல்லாம் ஒண்ணு போதல கண்ணு. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது.

— முழங்கையில இது என்ன நீலம்?

— அலைச்சறுக்குப் பலகை இடிச்சிருக்கும். மேக்கப் போடற பொண்ணு மறைச்சிடுவா.

— நீங்க தண்ணியில இறங்கியே ஆறு மாசம் ஆச்சு.

— ஏ நோரீன், நீ நர்ஸா, போலீஸா? மூணு வருஷமா வியாழக்கிழமை தவறாம ஊசி போடுற. இன்னிக்கு என்ன புதுசா விசாரணை? லேப் கவர் வந்துச்சா?

— மேஜை மேல இருக்கு. முத்திரை பிரிக்கல.

— கூப்பர் ரத்தம்தானே?

— வழக்கம்போலதான். பீச்சுல உயிர்காக்கிற வேலை பாக்குற கூப்பர் கையில எடுத்தேன், உங்க பேர எழுதி ஒட்டினேன்.

— ராஜாத்தி! போன வருஷம் செல் வயசு முப்பத்தெட்டுன்னு வந்துச்சு. பய பீரக் குறைச்சிருந்தா இந்தத் தடவ முப்பத்தாறு வரும். யோசிச்சுப் பாரு, அறுபத்துமூணு வயசு வேய்ன் ஹாலரனோட செல்லுக்கு முப்பத்தாறு வயசு! கூட்டம் எழுந்து நிக்கும். ஆமா, ஜாடி?

— மேடை நடுவுல வெச்சாச்சு.

— பெரிய ஜாடிதானே? போன தடவ நிரம்பி வழிஞ்சுது. பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை... ஒவ்வொருத்தரா வந்து டாக்டர் கொடுத்தத அதுல போடறப்ப ஒரு கைதட்டு எழும்பும் பாரு, உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

— தெரியும். டவுன்ஸ்வில் ஊர்க் கூட்டத்துல கேட்டேன். மூணாவது வரிசையில உக்காந்து.

— டவுன்ஸ்வில்லா? அது நாலு வருஷம் முன்னாடி. நீ அப்ப எங்கிட்ட வேலைக்கே வரலியே?

— டிக்கெட் வாங்கிட்டு வந்தேன். புருஷனோட. லெஸ்னு பேரு, கரும்பு லாரி ஓட்டினாரு. ரத்தம் உறையாம இருக்கத் தினம் ஒரு மாத்திரை. தயங்கித் தயங்கித்தான் மேடை ஏறினாரு. நீங்க தோள்ல கை போட்டு, "போடுய்யா, நம்ம மருந்து இருக்கறப்ப உன் செல்லுக்கு ரெண்டு முதலாளி எதுக்கு?"ன்னீங்க. போட்டாரு. எல்லாரும் கைதட்டினாங்க. நானும் தட்டினேன் வேய்ன்.

— நோரீன்...

— பத்தொன்பதாம் நாள் காலையில, டோஸ்ட்டுக்கு வெண்ணெய் தடவிட்டே சரிஞ்சாரு. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. கைய ஆட்டாதீங்க, ஊசி கழண்டுரும்.

— வருத்தமா இருக்கு. நெஜமா. ஆனா ஆயிரம் பேருக்கு ஆயிரம் சொல்றோம், யார் என்ன மாத்திரைய நிறுத்தறாங்கன்னு நான் கணக்கா வெச்சிருக்கேன்? ஓஹோ! இதுக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தியா? அந்தக் கவருக்குள்ள இருக்கறது என் ரத்தமா? மேடையில பிரிச்சா எழுபத்தஞ்சுன்னு வருமா?

— மேடைக்குப் போறது கூப்பர் ரத்தம்தான். பயப்படாத. போய் உன் கைதட்ட வாங்கிக்க.

— என்ன, நீ, வா, போன்னு எறங்கிட்ட?

— மூணு வருஷம் மரியாத கொடுத்துக் களைச்சுட்டேன். இந்தா, இது இன்னொரு கவர். உன் ரத்தம், உன் பேரு. ஒரு தடவ ட்ரிப்ஸ் ஏத்தறப்ப ஒரு குப்பி எடுத்து பிரிஸ்பேன்ல வேற லேபுக்கு அனுப்பினேன். உன் பொய்ய ஊருக்குக் காட்டலாம்னுதான் அனுப்பினேன். வந்தது வேற.

— மிரட்டுறியா? குடு இப்படி. என் கண்ணாடி எங்க?

— கோட்டுப் பையில. யாரும் பாக்காதப்ப மட்டும் போடுவியே, அது.

— வெள்ளை அணு... இவ்வளவா? நோரீன், இதுல... ரத்தப் புற்றுநோய்னு போட்டிருக்கான்.

— நீலம், மூச்சு வாங்கல், பல் தேய்ச்சா ஈறுல ரத்தம். எந்த டாக்டரும் சந்தேகப்பட்டிருப்பான். நீதான் பன்னெண்டு வருஷமா டாக்டர் வாசப்படி மிதிச்சதில்லன்னு மைக்கப் பிடிச்சு பீத்துறியே. லேபுக்கும் கூப்பர் ரத்தத்த அனுப்பிட்ட. ஹாலரன் குதிரை மாதிரி இருக்காருன்னு அவனும் எழுதிக் கொடுத்தான்.

— இரு. இரு, பேசாத. கடைசியில ஏதோ... "ஆரம்ப நிலை. தினம் ஒரு மாத்திரையால் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம்." ஆரம்ப நிலை! நோரீன், ஆரம்ப நிலைன்னு போட்டிருக்கு!

— ஆமா. தினம் ஒரே ஒரு மாத்திரை. லெஸ்ஸுக்கும் அப்படித்தான்.

— ஒரே மாத்திரை! கடவுளே... சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போயிடறேன், யாருக்கும் தெரியாம. ஏன் சிரிக்கற? பழி வாங்க வந்துட்டு என் உயிரக் காப்பாத்திட்டியே கண்ணு! உனக்கு என்ன வேணும்? கேளு!

— ஒண்ணும் வேணாம். அந்தக் கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு மேல வலது மூலையில தேதியப் படி, வேய்ன். அது போன வருஷம் எடுத்த ரத்தம்.